ஒதுக்கிய அட்டை

டிரையல் ரூம் கண்ணாடியில் அந்தக் குர்த்தா அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.

அதுதான் உறுத்தியது.

ரெடிமேட் எதுவும் அவளுக்கு இப்படிப் பொருந்தியதில்லை. ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது தோள் அரை இன்ச் இறக்கம். எதைப் போட்டாலும் அந்தப் பக்கம் சுருங்கும்.

இது சுருங்கவில்லை.

கழுத்தில் ஏதோ பெரிய கம்பெனியின் லேபிள். ஆனால் அந்த நெஞ்சுப் பட்டியும் பக்கவாட்டு மடிப்பும் அவள் வரைந்தவை. இந்தத் தீபாவளிக்கு அவள் பெயரில் முதன்முதலாக வெளிவர வேண்டியவை.

ஐந்நூறு பீஸுக்குக் குறைந்து தைக்க மாட்டோம் என்று திருப்பூரே கையை விரித்தபோது, ஐம்பது தைத்துத் தருகிறேன் என்றவர் நாச்சிமுத்து ஒருவர்தான். அளவுப் பொம்மை இல்லை. அவளையே நிற்க வைத்து அளவெடுத்து, துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் அட்டை வெட்டினார். முதல் சாம்பிளைப் பார்த்து அவள் சிரித்துவிட்டாள்.

"ஐயோ, என் கோணத் தோளும் சேர்ந்து வந்துடுச்சே! இது வேண்டாம். ரெண்டு பக்கமும் சமமா வெட்டுங்க."

வேறு அட்டை வெட்டினார்.

பழைய அட்டை என்ன ஆனது என்று அவள் கேட்கவே இல்லை. மடச்சி.

அங்கேயே நின்று போன் போட்டாள்.

"அண்ணா, என் முதல் பேட்டர்னை யாருக்குக் குடுத்தீங்க?"

அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் மழுப்பவில்லை. ஒரு பொய்யாவது சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"அது நீங்க வேண்டாம்னு ஒதுக்குனதுதானுங்களே கண்ணு. ரெண்டாயிரம் பீஸ் ஆர்டருங்க, உட முடியல. உங்க நல்ல பேட்டர்ன பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கறனுங்க. சத்தியமா அதுல கை வெக்கல."

வாக்கைக் காப்பாற்றியவர் போலப் பேசினார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விற்பனைப் பெண் கதவைத் தட்டினாள். "மேடம், எடுத்துக்கறீங்களா? உங்க சைஸ்ல அதுதான் கடைசி பீஸ்."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"உங்க அம்பதுக்குத் துணி வந்துருச்சுங்க," என்றார் நாச்சிமுத்து. "கட்டிங் போட்டுரட்டுங்களா?"

ஐம்பது பீஸை வேறு யார் தைப்பார்கள்?

"போடுங்க," என்றாள்.

அண்ணா என்ற சொல் வரவில்லை.