முதல் ஞாயிறு விசாரணை

"மாசத்துக்கு நாலு சோப்பா?"

அக்காவின் சிவப்புப் பேனா அந்த வரியில் நின்றது. வீட்டில் இருப்பதே மூன்று பேர், அதில் ஒன்று ஆறு வயது வாண்டு. நாலு சோப்பைக் கரைக்க இவர்கள் என்ன சுரங்கத்திலா வேலை செய்கிறார்கள்?

"குழந்தைக்குத் தோல்ல அரிப்பு அண்ணி. அவளுக்கு மட்டும் ஒண்ணு தனியா வாங்கறோம்," என்றாள் தம்பி மனைவி.

"எங்க காலத்துல அரிச்சா சொறிஞ்சுப்போம். அதுக்குப் போய்க் காசு குடுக்க மாட்டோம்." நாலு என்பது இரண்டாகிவிட்டது.

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் காலை பத்து மணிக்கு அக்கா தம்பி வீட்டில் ஆஜர். பள்ளிக்கூட அலுவலகத்தில் முப்பது வருஷம் அடுத்தவர் பில்லில் குற்றம் கண்டுபிடித்தே ஓய்வு பெற்றவள். பழக்கம் விடுமா, இப்போது தம்பி வீட்டுச் செலவு நோட்டில் வந்து நிற்கிறது.

தம்பி லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ளவர்களை எல்லாம் பத்தாவது மாடிக்கு ஏற்றிவிடுகிறவன், தன் குடும்பத்தை ஒரு படி ஏற்றத் துப்பில்லை என்பது அக்காவின் தீர்ப்பு. அவன் மனைவி மருந்துக் கடையில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். அவளைப் பற்றித் தீர்ப்பு சொல்லக்கூட அக்காவுக்கு மனசில்லை, உதட்டைச் சுழிப்பதோடு சரி.

அம்மா போகும்போது, "அக்காவைக் கைவிட்டுடாதேடா," என்று தம்பியின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாள். அந்தக் கையை அக்கா இன்னும் விடவில்லை.

"பிஸ்கட் ரெண்டு பாக்கெட். யாரு திங்கறா இவ்வளவு?" தட்டில் இருந்த ஐந்தாவது பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டாள்.

பேனாவால் பிஸ்கட் வரியையும் அடித்தாள்.

"வாடகை வேற ஏறியிருக்கு? வீட்டுக்காரன் கேட்டா கேட்டதை நீட்டிடுவீங்களா? பின்னாடி தெருவுல ஒத்தை ரூம் காலியா இருக்காம். மூணு பேருக்கு அது போதாதா?"

"பாப்பா ஸ்கூல் பக்கம்னுதான் அக்கா இங்க இருக்கோம்," என்றான் தம்பி, தரையைப் பார்த்துக்கொண்டு.

"நடந்தா கால் தேஞ்சா போயிடும்? வீட்டுக் கடன்னு ஒண்ணு கழுத்துல தொங்கும்போது வசதி பாக்கக் கூடாதுடா. போன மாசம் தவணை நாலு நாள் லேட்டு. பேங்க்காரன் எனக்குப் போன் போட்டுக் கேக்கறான். நாலு பேர் நடுவுல நான் எங்க கொண்டுபோய் மூஞ்சியை வெச்சுக்கறது?"

பக்கத்தைத் திருப்பியதும் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். கடைசி வரியில் ஒரு பெரிய தொகை இருந்தது.

"இது என்ன, மருந்தாளர் படிப்பு?"

"சாயங்கால வகுப்பு அண்ணி. ரெண்டு வருஷம் படிச்சா கடையிலயே மருந்தாளரா எடுத்துக்கறேன்னு முதலாளி சொல்லிட்டார். சம்பளம் ரெண்டு மடங்கு. பதினொரு மாசமா ஓவர்டைம் பாத்துச் சேர்த்த காசு. நாளைக்குத்தான் கட்டக் கடைசி நாள்."

இவ்வளவு நீளமாக அவள் பேசி அக்கா கேட்டதே இல்லை. பேசும்போது அவள் விரல்கள் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தன. அக்காவுக்குச் சிரிப்புதான் வந்தது.

"முப்பத்தாறு வயசுல பையைத் தூக்கிட்டுப் படிக்கப் போறியா? உன் பொண்ணோட சேர்ந்து ஒண்ணாங் கிளாஸ்ல உக்காரேன், ஃபீஸாவது மிச்சமாகும். இந்தப் பணத்தை அப்படியே பேங்க்ல கட்டினா ஆறு தவணை குறையும். அது தோணல பாரு உனக்கு."

பேனா அந்த வரியின் குறுக்கே ஒரு முறைக்கு இரு முறை ஓடியது. வாசல் பக்கம் பொம்மை வைத்திருந்த குழந்தை விளையாட்டை நிறுத்திவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

"நீ சொல்லுடா. நான் சொல்றதுல ஏதாவது தப்பு இருக்கா?"

தம்பி எப்போதும் போலத் தலையாட்டுவான் என்று அக்கா காத்திருந்தாள். அவன் மனைவியை ஒரு தடவை பார்த்தான்.

"நோட்டு அவளோடது அக்கா. அவளையே கேளு."

சம்பாதிக்கத்தான் துப்பில்லை என்றிருந்தாள், பெண்டாட்டியை அடக்கவும் துப்பில்லை. அக்காவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

"இதோ பாரும்மா, குடும்பம் நடத்தறது பெரிய வித்தை இல்ல. எது உன் குடும்பத்துக்கு அவசியமில்லையோ, அதை யோசிக்காம அடிச்சிடணும். கௌரவம் பாக்கக் கூடாது, யார் என்ன நெனைப்பாங்கன்னு பாக்கக் கூடாது. அப்பதான் உருப்படுவீங்க."

தம்பி மனைவி நிதானமாக வந்து நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். புருஷன் சட்டைப்பையில் இருந்த பேனாவை எடுத்து, பக்கத்தின் முதல் வரியைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தாள். அவன் தடுக்கவில்லை.

அக்கா எட்டிப் பார்த்தாள்.

"பைத்தியமா உனக்கு? அது பேங்க் தவணை. அதை எதுக்கு அடிக்கிற?"

"உங்க வீட்டுக் கடனை இனிமே நீங்களே கட்டிக்குங்க அண்ணி."