ஒரே தொட்டி

"யாரு இந்தத் தொட்டியில கைய வெச்சது?"

டேவிட் ராஜ் போட்ட சத்தத்தில் பெலிசியா கையிலிருந்த கீரைக்கட்டைக் கீழே போட்டாள்.

அண்ணாமலை நகருக்குப் பின்னால் புருஷனும் பெண்டாட்டியுமாக வாடகைக்குப் பிடித்த ஹால் அது. தரையிலிருந்து கூரைவரை அடுக்கடுக்காகக் குழாய்கள். குழாய் முழுக்கக் கீரை. மண் கிடையாது, வெயிலுக்குப் பதில் ஊதா லைட். கீழே இருக்கும் ஒரே தொட்டியிலிருந்துதான் மோட்டார் எல்லா அடுக்குக்கும் தண்ணீர் ஏற்றும்.

"புயலடிச்சாலும் வெள்ளம் வந்தாலும் நம்ம வெவசாயத்த ஒண்ணும் பண்ண முடியாது" என்று, மஸ்கட் வேலையை விட்டுவிட்டு வந்த டேவிட் மார்தட்டியிருந்தான். வருஷா வருஷம் வெள்ளத்துக்கு நெல்லைப் பறிகொடுக்கும் ஊரில் அது சின்னப் பேச்சா?

காலையில் ஒரு செடியை உருவிப் பார்த்தான். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகி, கொழகொழவென்று கையோடு வந்தது. அடுத்த அடுக்கிலும் அதே கதி. புதுச்சேரி ஓட்டலுக்கு வெள்ளிக்கிழமை போக வேண்டிய சரக்கு.

"வெளித்தண்ணி ஒரு சொட்டு விழுந்தாலும் எல்லாம் போயிரும்னு படிச்சுப் படிச்சு சொன்னேனா இல்லயா?"

பெலிசியா தொட்டியைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டாள். ஊற்றியவளே அவள்தான்.

ஈஸ்டருக்கு சர்ச் சாமியார் மந்திரித்துக் கொடுத்த தண்ணீர். வயலிலும் கிணற்றிலும் அதைத் தெளிப்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். "இதுவும் கெட்டுச்சுன்னா மறுபடி மஸ்கட்தான்" என்று அவன் சொன்ன நாளிலிருந்து அவளுக்குத் தூக்கமே போய்விட்டது. மகள் ஷாலினி அவனிடம் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்ததே இப்போதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை, அவன் கடைக்குப் போன நேரம் பார்த்து அந்தத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். பாதிதான் இருந்தது. ஷாலினி குடித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, மிச்சத்தைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். அவனிடம் கேட்டிருந்தால் விட்டிருப்பானா? "இது சயின்ஸ். சாமியெல்லாம் வாசலோட நிக்கணும்" என்பவன் ஆயிற்றே.

"ரத்தினம்மாக்கா! காலையில மொதல்ல வர்றது நீங்கதான? வயக்காட்டு சேத்துல நின்ன காலோட உள்ள வந்தீங்களா?"

வேலை செய்யும் ரத்தினம்மாள் நிமிர்ந்தாள். "வாசல்லயே கழுவிட்டுத்தான் சார் வந்தேன்."

"அப்ப எப்படி வந்துச்சு? வானத்துலேர்ந்து குதிச்சுதா?"

அவள் முகத்தைப் பார்க்காமலேயே கத்தினான். பேக்கிங் செய்யும் பெண்கள் கையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"நாளையிலேர்ந்து வர வேணாம்."

ரத்தினம்மாள் எதையோ சொல்ல வாயெடுத்தாள். பெலிசியாவை ஒரு தடவை பார்த்தாள். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

'பாத்துட்டாங்க. நான் ஊத்துனத பாத்துட்டாங்க.'

சொல்லிவிடலாமா? சொன்னால் இவன் அடிப்பவன் இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிளேன் ஏறிவிடுவான். அந்தப் பயம் வாயைக் கட்டிப்போட்டது. ஆனால் கால் நிற்கவில்லை. பெலிசியா வாசல் கேட்டுக்கு ஓடினாள்.

"அக்கா, நில்லுங்க! ஏன்க்கா வாயே தொறக்கல?"

"பயத்துல செஞ்சத நாலு பேரு முன்னாடி போட்டு ஒடைக்கலாமாம்மா? அப்புறம் வூட்டுல நிம்மதி இருக்குமா? எனக்கு வேற எடத்துல வேல கெடைக்கும்."

பெலிசியா உடைந்துபோனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"எனக்காக நீங்க பழி சுமக்க வேணாங்க்கா. அவரு மஸ்கட் போனாலும் போவட்டும். மந்திரிச்ச தண்ணிய நான்தான் ஊத்துனேன்னு இப்பவே போய் சொல்லிடறேன்."

ரத்தினம்மாள் கையிலிருந்த பை நழுவியது.

"நீயுமா ஊத்துன? சாரு சிலுவை போட்டுக்கிட்டு அந்த பாட்டில கவுத்ததத்தாம்மா நான் பாத்தேன்!"