மூன்றாவது பெஞ்சு இன்று லீவு

"அந்த ரூம் சாவி வேணும், சார்."

ஹெட்மாஸ்டர் அனந்த் டீ கிளாஸைப் பாதி வழியில் நிறுத்தினார்.

வேலைக்குச் சேர்ந்த அன்றே சஃப்ரீன் டீச்சரை ஆபீஸ் கிளார்க் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். லீவு கேளு, ஃபேன் கேளு, சாக்பீஸ் கேளு. அந்தச் சாவியை மட்டும் கேட்டுடாத.

அந்த அறையில் முப்பத்திரண்டு நாற்காலிகள். ஒவ்வொன்றுக்கும் சக்கரம். வட்டமாகப் போடலாம், நாலு நாலாகப் பிரிக்கலாம். சுவர் முழுக்க எழுதி அழிக்கலாம். விரல் பட்டால் விழித்துக்கொள்ளும் பெரிய திரை ஒன்று, பெட்ஷீட் போர்த்திக்கொண்டு நிற்கிறது. நாற்காலிகளின் பிளாஸ்டிக் உறையை இரண்டு வருடமாக யாரும் கிழிக்கவில்லை.

விசிட்டர் வருகிற நாளில் மட்டும் பூட்டு திறக்கும்.

"எதுக்கும்மா?"

"பாடம் நடத்தத்தான். வேற எதுக்கு சார் கட்டிப் போட்டிருக்கு?"

தாராவியில் தோல்பை தைக்கும் கரீம் பாட்சா வீட்டில் முதல் டிகிரி மகள் சஃப்ரீனுடையது. நயமாகக் கேட்டுப் பழக அந்த வீட்டில் யாருக்கும் நேரம் இருந்ததில்லை.

"உன் கிளாஸ்ல எத்தனை பேரு?"

அவருக்குத் தெரியும். அவள் வாயால் வரட்டும் என்றுதான் கேட்டார்.

"ஒண்ணு."

"ஒத்தைப் பொண்ணுக்கு முப்பத்திரண்டு சேரு." சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதனால்தான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

தமிழில் மிஞ்சிய ஒரே வகுப்பு ஏழாவது; அதில் பேராச்சி மட்டும்தான். மற்றவர்கள் ஒவ்வொருவராக இங்கிலீஷுக்கும் ஹிந்திக்கும் போய்விட்டார்கள். அவள் அம்மா விடியுமுன்னே வாஷிக்கு ஆபீஸ் கூட்டப் போகிறவள். பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்கிறதே என்று மகளை இங்கேயே விட்டிருந்தாள்.

போன மாதம் சஃப்ரீன் ஒரு கணக்குப் போட்டாள். ஒரு ரொட்டியில் மூன்றில் இரண்டு பங்கு பெரிதா, நான்கில் மூன்று பங்கு பெரிதா?

"ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர். ரெண்டுலயும் ஒரு துண்டுதான் குறையுது."

சொல்லிவிட்டுப் பேராச்சி எழுந்தாள். தரையில் அறைந்து வைத்த பெஞ்சுகள், இழுக்க முடியாது. அவளே நகர்ந்து மூன்றாவது பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டாள்.

"ஏ லூசு, குறையுற துண்டு இதுல சின்னதுல்லா? அப்பம் இதுதான் பெருசு."

சஃப்ரீன் அன்றைக்குச் சிரித்துவிட்டாள்.

மறுவாரம் வேறு ஒரு கேள்வி. பேராச்சி முதல் பெஞ்சை விட்டு அசையவில்லை.

"மூணாவது பெஞ்சு இன்னைக்கு லீவு, டீச்சர்."

அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

விசிட்டர் வரும் நாளில் மேல்மாடியிலிருந்து ஹிந்திப் பிள்ளைகள் முப்பத்தோரு பேரை இறக்குவார்கள். விசில் அடித்தால் நாற்காலியை வட்டமாக உருட்ட வேண்டும். இன்னொரு விசிலுக்கு நாலு நாலாகப் பிரிய வேண்டும். தமிழில் ஒரே ஒரு வரி பழக்கியிருந்தார்கள்: நாங்கள் சேர்ந்து கற்கிறோம். முப்பத்தோரு பேருக்கும் வாயில் நுழையாத அந்த வரியைப் பேராச்சிதான் உரக்கச் சொல்லிக் காப்பாற்றுவாள்.

அப்படி ஒரு நாளில் எடுத்த படம் அனந்தின் தலைக்கு மேல் மாட்டியிருந்தது. வட்டத்தில் ஒருத்தி மட்டும் கேமராவைப் பார்க்காமல் பக்கத்துப் பையனைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

"விசிட்டர் மறுபடி எப்பம் வருவாக, டீச்சர்?" வாரத்துக்கு ஒரு தடவையாவது பேராச்சி கேட்டுவிடுவாள்.

"டிராம்பே ஸ்கூல்ல தமிழ் ஏழாவதுல பதினோரு பிள்ளைங்க இருக்கு, சார்," என்றாள் சஃப்ரீன். "அங்க சாதனா டீச்சர்ட்ட பேசிட்டேன். தினம் ஒரு மணி நேரம் வீடியோ கால். அந்தத் திரையில அவங்க, இங்க இவ. இவ சொல்றதுக்கு எவளாவது இல்லைன்னு சொல்லட்டும். என் போன்ல வச்சுப் பாத்தேன், பதினோரு மூஞ்சியும் கடுகு மாதிரி தெரியுது."

"டிரஸ்டி ஒத்துக்க மாட்டார்மா. ஏதாவது கெட்டுப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"கெட்டுப்போகட்டும் சார். புள்ளைங்க தொட்டுக் கெட்டுப்போகட்டும்."

அனந்த் கிளாஸை மேசையில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"பாரும்மா. அந்த ஒரு பொண்ணு இருக்கற வரைக்கும்தான் இங்க தமிழ் செக்‌ஷன். செக்‌ஷன் இருக்கற வரைக்கும்தான் நீ. இருக்கறத வச்சுண்டு சும்மா இரேன்."

"தெரியும் சார்."

"அப்பறம்?"

"சாவி தர மாட்டீங்க. அதானே?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

சஃப்ரீன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நாலாக மடித்த தாள். மடிப்புகள் அழுக்கேறியிருந்தன.

"ரிசைன் பண்றியா? அரே, இதுக்குப் போயா? உக்காரும்மா."

"பிரிச்சுப் பாருங்க."

பிரித்தார். ராஜினாமா இல்லை. பேராச்சிக்கு லீவிங் சர்டிபிகேட் கேட்டு எழுதிய விண்ணப்பம். சேரப்போகும் பள்ளி, டிராம்பே. தங்கப்போவது சித்தி வீட்டில். கீழே அம்மாவின் கோணல் கையெழுத்து.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

"இந்தப் பொண்ணு போனா உனக்கு நாளைக்கு இங்க என்னம்மா இருக்கு?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அவர் விரல் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த தேதியில் நின்றது. நிமிர்ந்தார்.

"இது ஜூன் மாசத் தேதியாச்சே. இப்ப செப்டம்பர்."

சஃப்ரீன் கதவைத் திறந்திருந்தாள். தாழ்வாரத்தின் கடைசியிலிருந்து பேராச்சியின் குரல் வந்தது. பிறகு அதே குரல், தடித்து.

"ஆமா சார். அவங்கம்மா அப்பவே குடுத்துட்டாங்க. நான்தான் விடல."

வெளியே நடந்தாள்.