ஜெசிந்தாவின் சிரிப்பு

தூத்துக்குடியில் மக்ரூன் கடை வைத்திருக்கும் ஜெசிந்தா, தன் கடை வீடியோவிலிருந்து தன் சிரிப்பை யாரோ திருடிவிட்டதாக வீடியோ தளத்துக்குப் புகார் அனுப்பியிருந்தாள். புகார்களை விசாரிக்கும் மங்கை அவளுக்குப் போன் செய்தாள்.

“வழுக்கி விழுறவங்க வீடியோவுல எல்லாம் என் சிரிப்பச் சேத்துட்டாங்க. நான் அப்படிப்பட்டவளா, சொல்லுங்க?”

“அது உங்க சிரிப்புதான்னு எப்படி மேடம் தெரிஞ்சிக்கிறது?”

ஜெசிந்தா சிரித்துக் காட்டினாள். ஸ்பீக்கரில் அதைக் கேட்டு அலுவலகமே சிரித்தது.

மங்கை நாற்பது வீடியோக்களை நீக்கினாள். மீதியிருந்த கடைசி வீடியோவில், அந்தச் சிரிப்பைக் கேட்கக் கேட்க ஒரு கைக்குழந்தை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. அதை ஜெசிந்தாவுக்குப் போனில் போட்டுக் காட்டினாள்.

ஜெசிந்தா இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டாள்.

“அத மட்டும் விட்டுருங்க. ஆனா கீழ ‘ஜெசிந்தா அத்தை’ன்னு போடச் சொல்லுங்க.”