நான்காவது தவறு

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

விமானத்தில் இப்படி உட்கார்ந்திருப்பவளைப் பார்த்தால் யாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். போன தேர்வில் இந்தக் கைகள்தான் காலை வாரிவிட்டன.

மேகத்துக்குள் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கான தேர்வு அது. தேர்வு நடத்தியவர் மாணவராக நடித்து ஒரு தவறு செய்தார். இவள் சட்டென்று கன்ட்ரோலைப் பிடுங்கிச் சரிசெய்துவிட்டாள். அவர் தாளில் ஒரே வரி எழுதினார்: ‘கற்றுக்கொடுக்கவில்லை. ஓட்டினார்.’

வியாழக்கிழமை மறுபடியும் அதே தேர்வு.

இன்று மாணவராக நடிப்பவர் அவளுடைய பயிற்சியாளர் பெர்க்மான்ஸ். இடது இருக்கையில், நெற்றியில் மறைப்பை மாட்டிக்கொண்டு, கருவிகளைத் தவிர வேறெதுவும் தெரியாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்.

“மூணே மூணு தப்புப் பண்ணுவேன், கண்டுபிடி” என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தார். சொன்ன சொல்லில் கறாரான மனிதர். மூன்று என்றால் மூன்றுதான்.

மூன்றும் ஆகிவிட்டன. உயரத்தில் இருநூறு அடியைக் கோட்டைவிட்டார். திசையைத் தவறாக வைத்தார். நேரம் பார்க்க மறந்தார். எல்லாவற்றையும் அவள் வாயாலேயே திருத்தினாள். கைகள் அசையவில்லை. மனதுக்குள் கொஞ்சம் துள்ளலாகக்கூட இருந்தது.

வலப்பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போது அவருடைய பென்சில் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தார்.

விமானத்தின் சாய்வு அதிகமாகத் தொடங்கியது.

அவள் பக்க ஜன்னலில் உப்பளங்கள் ஏறி வந்தன. மூக்கு இறங்கியது. எஞ்சின் சத்தம் மாறியது.

மனிதர் பிரமாதமாக நடிக்கிறார் என்று நினைத்தாள்.

பிறகு எண்ணிப் பார்த்தாள்.

இது நான்காவது.

அவர் கழுத்தில் வியர்வை. கன்ட்ரோலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

“சாய்வப் பாருங்க சார்.”

“நேராத்தாம்மா போறேன்.”

அது மாணவனாக நடிப்பவரின் குரல் இல்லை. வெளியே தெரியாமல் திரும்பும்போது தலையைக் குனிந்து நிமிர்ந்தால், சாய்ந்து போவதே நேராகப் போவதுபோல உடம்பு ஏமாற்றிவிடும்.

அவளுக்குப் பயம் வந்துவிட்டது. மூவாயிரத்து இருநூறு அடி. மூவாயிரத்து நூறு. ஒரு கையை உருவி எடுத்தாள். இரண்டாயிரத்து ஐந்நூறு வரைதான் பொறுப்பேன் என்று தனக்குத்தானே கெடு வைத்தாள். கன்ட்ரோலுக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கை நின்றது.

பிடுங்கிவிட்டால் விமானம் உடனே சரியாகும். ஆனால் எட்டு வருடமாக வலது இருக்கையில் உட்கார்ந்து, வெளியே பார்த்தபடி அடுத்தவர்களைத் திருத்திக்கொண்டிருந்த மனிதர், தன் தவறைப் பார்க்காமலே இறங்கிப் போய்விடுவார்.

“சார், ஒடம்பு சொல்றத விடுங்க. நடு டயல்ல இருக்கற குட்டி விமானத்த மட்டும் பாருங்க. அது எந்தப் பக்கம் சாஞ்சிருக்கு?”

அவர் கண்கள் டயலைத் தேடின.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

“வலது” என்றார். அவரே நம்பாதது போல.

“பவரக் கொறைங்க. எறக்கைய நிமித்துங்க, மெதுவா. போதும். இப்ப மூக்கத் தூக்குங்க.”

உப்பளங்கள் ஜன்னலுக்குக் கீழே இறங்கின. கடலின் விளிம்பு நேரானது. உயரமானி இரண்டாயிரத்து எழுநூற்றில் நின்றது.

அவள் கை மறுபடி தொடைக்கு அடியில் போனது.

மறைப்பைக் கழற்றிவிட்டு அவரே தரையிறக்கினார்.

எஞ்சின் நின்றதும் அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பையிலிருந்து பரிந்துரைப் படிவத்தை எடுத்து முழங்கால்மேல் வைத்தார். அதில் அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அவளுக்கு வியாழக்கிழமை தேர்வு இல்லை.

“கடைசியா நல்லா நடிச்சேம்லா?”

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. அவரை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதுதான் கஷ்டமாக இருந்தது.

“நாளைக்குக் காலைல இதே பாடத்த இன்னொரு தடவ பாத்துருவோம் சார். நீங்க எடது சீட்டுலயே இருங்க.”

பேனா படிவத்தின்மேல் நின்றது. திறந்திருந்த கதவு வழியாகக் கடல்காற்று வந்து தாளின் ஓரத்தைத் தூக்கியது. அவர் அதைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டார்.

கையெழுத்துப் போட்டார்.

அவள் முகத்தைப் பார்க்காமல் தாளை நீட்டினார்.

“எத்தன மணிக்கு வரணும்?” என்றார்.