வால்வு திறந்திருக்கும் நேரம்

வீட்டுக்கு எதிரே கல்லுடைக்கும் கிரஷரில் தண்ணீர் பீய்ச்சத் தொடங்கியதும் ஜஹீரா மகள் ஸஹானாவை மொட்டை மாடிக்குக் கூட்டி வருகிறாள். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஆய்வுக்கு வருகிற நாளில் மட்டும்தான் அங்கே தண்ணீர். அன்றைக்கு மட்டும்தான் ஸஹானாவுக்கு மாடி. வால்வைத் திறப்பவன் அங்கே வேலை பார்க்கும் ஜஹீராவின் கணவன், ஸஹானாவின் அத்தா, மொஹ்சின். திறந்த கையோடு வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடுவான். ஜல்லி கொட்டும் பெல்ட்டின் மேல் நீர் விசிறிபோல விரிகிறது. புகையாய் எழும் தூசி பாதியிலேயே நனைந்து தொய்ந்து விழுகிறது. தாம்பரம் பக்கத்து அடுக்குமாடிகள்கூட வெயிலில் துலக்கமாகத் தெரிகின்றன. ஸஹானா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்துப் பார்க்கிறாள். நெஞ்சுக்குள் விசில் சத்தம் இல்லை. இன்ஹேலர் அம்மாவின் கையில் சும்மா இருக்கிறது.

"இன்னிக்கு எவ்ளோ நேரம்மா?"

"ஆபீசரு ஆபீஸ் ரூமாண்ட டீ குடிச்சிகினு கீறாரு பாரு. அது முடியற வரைக்கும்தான்."

"அத்தாகிட்ட சொல்லி இன்னொரு டீ குடுக்கச் சொல்லேன்."

அதிகாரியின் வெள்ளை ஜீப் கேட்டைத் தாண்டி வெளியே போகிறது. சூப்பர்வைசர் போதும் என்று கையை அசைக்கிறார். மொஹ்சின் வால்வில் கை வைத்தபடி மாடியை நிமிர்ந்து பார்க்கிறான். ஸஹானா அவனுக்குக் கையாட்டுகிறாள். அவன் முதுகைத் திருப்பிக்கொண்டு வால்வை மூடுகிறான். பெல்ட்டின் மேல் முதல் தூசி எழுவதற்குள், யாரும் சொல்லாமலே படியிறங்கிப்போன ஸஹானா, கீழே ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்துகிறாள்.