மூன்றாம் ஓலையும் முதல் மெயிலும்

"உன் கல்யாணத்துக்கு நீயே தடையா இருக்கியேப்பா!" என்றார் ஃபாதர் இன்பநாதன்.

மேசைக்கு அடியில் ஒயர்களுக்கு நடுவே கிடந்த ஜெரோஷ் தலையை வெளியே நீட்டினான். முடியெல்லாம் ஒட்டடை. திங்கட்கிழமை மாப்பிள்ளை ஆகப்போகிறவன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

"ஏக் மினிட், ஃபாதர். மெயில் வந்துரும்."

"இதையேதான் போன ஞாயித்துக்கிழமையும் சொன்ன."

அது வடநாட்டுக் கட்கி ஊரில் தமிழர்கள் போகும் கோயிலின் பங்கு அலுவலகம். கோயிலுக்கென்று சொந்தமாக ஒரு மெயில் சர்வர் வைத்துத் தருவதாக ஜெரோஷ் சொல்லியிருந்தான். ஓசி மெயில் எல்லாரிடமும் இருக்கிறது, கோயில் பெயரிலேயே முகவரி இருந்தால்தான் கெத்து என்று அவனாகவே ஆரம்பித்தான். யாரும் கேட்கவில்லை. கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

அதோடு நிறுத்தினானா? கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசைகளில் பெண், மாப்பிள்ளை பெயரைச் சொல்லி ஓலை வாசிப்பார்கள். தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் வந்து சொல்லவேண்டும். "இந்தக் காலத்துல யாரு ஃபாதர் நேர்ல வந்து சொல்லுவா? மெயில் பண்ணச் சொல்லுங்க" என்று தன்னுடைய ஓலையிலேயே அந்தப் புது முகவரியைச் சேர்க்கவைத்தான். முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாவதும் ஆயிற்று. சர்வரிலிருந்து மெயில் ஜோராக வெளியே போனது. வெளியிலிருந்துதான் ஒன்றுகூட உள்ளே வரவில்லை.

"நாளைக்கு மூணாவது ஓலை" என்றார் ஃபாதர். "மெயில்ல சொல்லுங்கன்னு ரெண்டு வாரமா நானே அறிவிச்சுட்டேன். மெயிலே வராத பெட்டியை வச்சுக்கிட்டு ஓலை வாசிச்சா, சனங்க வாயைப் பொத்திட்டுக் கல்யாணம் முடிச்ச மாதிரி ஆயிரும்லா? சாயங்காலத்துக்குள்ள ஒரு மெயிலாவது வரணும். இல்லேன்னா வாசிக்க மாட்டேன்."

"ஃபாதர்! புதன்கிழமை தவக்காலம் ஆரம்பிச்சிரும். அப்புறம் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணம் கிடையாது. தூத்துக்குடியில சொந்தக்காரங்க எல்லாரும் ரயில் ஏறிட்டாங்க!"

"அதுக்குத்தான் சொல்லுதேன், சலோ, வேலையைப் பாரு."

ஜெரோஷின் செல்போன் அடித்தது. கசார்வாடியிலிருந்து ஃபேபியோலா. கல்யாணப் பெண்.

"ஜெரோஷ், உங்ககிட்ட கொஞ்சம் பேசணும். முக்கியமான..."

"ஃபேபி, சர்வர்ல இருக்கேன். அப்புறமா கூப்பிடுதேன்" என்று வைத்துவிட்டு இணையக் கம்பெனிக்குப் போன் போட்டான். "பையா, பச்சீஸ் நம்பர் போர்ட் கோல் தோ நா!" என்று கெஞ்சினான். மெயில் உள்ளே நுழையும் வாசல் அந்த இருபத்தைந்தாம் நம்பர்தான். அது போன வாரமே திறந்தாயிற்று என்று அந்தப் பக்கம் இந்தியில் எரிந்து விழுந்தது.

"அப்போ தப்பு யாரு மேல?" என்று கேட்டார் ஃபாதர்.

"இங்க நாம ரெண்டு பேர்தான் இருக்கோம், ஃபாதர். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது."

ஃபாதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சிஞ்ச்வட் கம்பெனியில நீ பெரிய சிஸ்டம் ஆளுன்னு உங்க அம்மா சொன்னாங்களே?"

"பிரிண்டர்ல மாட்டுன பேப்பரை உருவுறதுதான் என் வேலை. அதைத்தான் அம்மா அப்படிச் சொல்லுதாங்க."

மறுபடியும் போன்.

"ஜெரோஷ், ரெண்டே நிமிஷம். நேர்லகூட வாறேன்..."

"ஃபேபி, ப்ளீஸ்! நம்ம கல்யாணமே இப்போ இந்தச் சர்வர்லதான் தொங்குது. எதுவா இருந்தாலும் கோயில் அட்ரசுக்கு மெயில்ல போடு. டெஸ்ட் பண்ணுன மாதிரியும் இருக்கும்."

"சரி. மெயில்லயே போடுதேன்" என்றாள் ஃபேபியோலா.

"தங்கமான பொண்ணு, ஃபாதர். நிச்சயம் ஆனதுல இருந்து எங்களுக்குள்ள ஒரு சண்டைகூட வந்தது கிடையாது" என்றபடி ஜெரோஷ் திரையைப் பார்த்தான். பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான். "கழுதை! வடிகட்டின முட்டாள்!"

"யாரைப்பா திட்டுத?"

"என்னைத்தான், ஃபாதர். மெயிலை எங்க கொண்டுவந்து சேர்க்கணும்னு உலகத்துக்கே ஒரு விலாசம் எழுதி வைக்கணும். ஊரு, தெரு எல்லாம் போடவேண்டிய இடத்துல, நான் வெறுமனே 'உள் ரூம்'னு போட்ட மாதிரி போட்டு வச்சிருக்கேன். எந்த ஊரு உள் ரூம்னு வாறவன் தேடுவான்?"

விலாசத்தைத் திருத்தினான். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜெரோஷ் ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம்கூடச் சொல்லிவிட்டான். இருட்டத் தொடங்கியபோது 'டிங்' என்று ஒரு சத்தம்.

"வந்துட்டு! வந்துட்டு, ஃபாதர்!" துள்ளி எழுந்ததில் முழங்கால் மேசையில் இடித்தது. அதைக்கூட அவன் கவனிக்கவில்லை. "ஃபேபி! முதல் மெயிலே என் பொண்டாட்டிகிட்ட இருந்து! கல்யாணம் நடக்கும், ஃபாதர்! இந்தாங்க, கோயில் மெயிலு, நீங்களே வாசிங்க."

ஃபாதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். இன்னொரு தடவையும் வாசித்தார்.

"சர்வர் நல்லா வேலை செய்யுதுப்பா" என்றார் மெதுவாக. பிறகு, இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்த அந்தத் தமிழை அவனுக்குக் கேட்கும்படி படித்தார்:

"ஃபாதர், நாளைக்கு ஓலை வாசிக்காதீங்க. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். ரெண்டு வாரமா ஜெரோஷ்கிட்ட சொல்லிரலாம்னு பாக்கேன், அவருதான் எதுவா இருந்தாலும் மெயில்ல போடுன்னுட்டாரு."